தவக்காலத்தில் அயர்லாந்து விருந்து

எதையும் ஒருமுறை கழற்றிப் பார்த்தால் விளங்கிவிடும் என்பது சிமியோன் மாமாவின் நம்பிக்கை. குருநகரில் படகு இயந்திரம் திருத்துகிறவர் வேறு எப்படி நினைப்பார்? எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரவேலி மட்டும்தான். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, அடுத்தது என்னவென்று தெரியாமல் வீட்டையும் வாசலையும் அளந்துகொண்டிருந்த பங்குனி மாதத்தில் இது நடந்தது.

மாமாவின் ஒரே மகள் ஜெயனி அயர்லாந்தில் தாதியாக வேலை செய்கிறார். அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஷேன் என்பவரை விரும்பினார். கல்யாணம் ஆவணியில், எங்கள் கோயிலில்தான் என்று இருவரும் முடிவெடுத்திருந்தார்கள். மாமாவுக்கும் றஜிதா மாமிக்கும் மறுப்பில்லை. ஆனால் பாதரிடம் போய் நாள் குறிப்பதற்கு ஒருவருடைய சொல் வேண்டியிருந்தது. அவர் மாமாவின் அண்ணன் செபமாலை. ஜெயனியின் ஞானத்தகப்பனும் அவர்தான். பெரியப்பா ஓம் என்று சொல்லாமல் தான் கோயில் படி ஏறப்போவதில்லை என்று ஜெயனி உறுதியாகச் சொல்லிவிட்டார்.

செபமாலை இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் "பாப்பம்" என்றார். நத்தார்ப் பண்டிகையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் மட்டும், "உவையள் என்ன மாதிரியான ஆக்கள் எண்டு எங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாராம்.

மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. தெரியவில்லையென்றால் திறந்து காட்டவேண்டியதுதானே. பங்குனி பதினேழாம் திகதி பத்திரிசியார் திருநாள் என்றும், அன்றைக்கு அந்த நாடே கூடிச் சாப்பிடும் என்றும் ஜெயனி எப்போதோ சொல்லியிருந்தார். அதே நாளில் வீட்டில் ஓர் அயர்லாந்து விருந்து வைப்பது என்று மாமா தீர்மானித்தார். தீர்மானித்த அன்று பின்னேரமே சைக்கிளில் போய் அண்ணன் குடும்பத்துக்குச் சொன்னார். மாமியின் தம்பி அடைக்கலநாதனுக்குச் சொன்னார். திரும்பி வரும் வழியில் எங்களுக்கும் சொன்னார். ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு குழம்பு, அங்கே அதுதான் பெரிய சாப்பாடு என்று ஒழுங்கை முழுவதும் அறிவித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார்.

மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்: "இஞ்சேருங்கோ, அண்டைக்கு ஆர் இறைச்சி தின்னப்போகினம்?"

இதை எங்கள் பகுதிக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும். விபூதிப் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை தவக்காலம். அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் இறைச்சி மணக்காது. பூசைக்குப் போகாதவர்கள்கூட இதில் பிசகமாட்டார்கள். மாமாவும் அப்போது இறைச்சி சாப்பிடாமல்தான் இருந்தார். ஆனால் திருநாள் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குத் தவக்காலம் மறந்துபோய்விட்டது.

அயர்லாந்துக்காரர் எங்களுக்கு முந்தியே வேதத்துக்கு வந்தவர்கள், அவர்கள் சாப்பிடலாமென்றால் நாங்களும் சாப்பிடலாம் என்று மாமா வாதாடிப் பார்த்தார்.

"அவையள் தின்னட்டும்," என்றார் மாமி. "உங்கடை அண்ணை தின்னுவாரோ?"

மாமா போய் முற்றத்தில் நின்றார். திகதியை மாற்றவும் வழியில்லை. வரச்சொன்ன அண்ணனிடம் போய், இப்போது வரவேண்டாம், பிறகு வாருங்கள் என்று சொன்னால், அந்தப் பாப்பம் அன்றைக்கே இல்லை ஆகிவிடும்.

கடைசியில் ஜெயனியிடம் கேட்டார். ஜெயனி ஷேனிடம் கேட்டார், ஷேன் தன் தாயிடம் கேட்டார். அடுத்த நாள் பதில் வந்தது. ஷேனின் தாய் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவராம். அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது தவக்காலத்தில் அங்கேயும் இறைச்சி இல்லையாம். உப்பிட்டுக் காயவைத்த மீனை ஊறவைத்து அவித்து, பாலும் மாவும் பட்டரும் காய்ச்சி அதன்மேல் ஊற்றுவார்களாம். பக்கத்தில் மசித்த கிழங்கும் முட்டைக்கோவாவும். பிறகு மோரும் அப்பச்சோடாவும் விட்டுப் பிசைந்த ரொட்டி.

மாமிக்கு அழுகை வராத குறை. கருவாடு எங்கள் ஊரில் கடலுக்குப் போகமுடியாத நாளின் சாப்பாடு. அதை யாரும் விருந்தாளிக்கு வைப்பதில்லை. அதுவும் செபமாலைக்கு. இரண்டு படகு வைத்திருக்கிற மனிதரைக் கூப்பிட்டுக் கருவாடு போட்டால், மாப்பிள்ளை வீட்டைப் பற்றி என்ன நினைப்பார் என்று மாமி கேட்டார். மாமாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் கட்டாக் கருவாடு வாங்கி ஊறப்போட்டார்.

சமையலில் மாமியை அவர் நெருங்கவிடவில்லை. கறிவேப்பிலையாவது போடுகிறேன் என்று கெஞ்சியும் சம்மதிக்கவில்லை. ரொட்டிக்கு எங்கள் வீட்டு ஒவன். மாவை உருட்டி, நடுவில் கத்தியால் சிலுவைபோல் கீறிவிட்டு உள்ளே வைத்தார். அப்படித்தான் செய்யவேண்டுமாம். வெளியே எடுத்தபோது அவர் அதைத் தட்டிப் பார்த்த விதத்தில், ஏதாவது படகு இயந்திரத்தில் பூட்டிவிடுவார் போல இருந்தது.

அன்று மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். அயர்லாந்து விருந்தென்றால் குடிக்க ஏதாவது இருக்கும் என்று அடைக்கலநாதன் நம்பி வந்திருந்தார். தவக்காலத்தில் தேத்தண்ணிதான் என்று தெரிந்ததும் அவர் முகம் சுருங்கியது. செபமாலை வெள்ளைச் சேட்டும் சாரமுமாக வந்து மேசையின் தலைமாட்டில் அமர்ந்தார்.

ரொட்டியில் சிலுவை இருந்ததால் அதில் கத்தி வைக்க யாருக்கும் துணிவில்லை. எல்லோரும் செபமாலையைப் பார்த்தார்கள். அவர் எழுந்து செபம் சொல்லத் தொடங்கினார். கடலில் போனவர்கள், கரையில் இருப்பவர்கள், மரித்தவர்கள் என்று எல்லோரையும் நினைத்து முடிப்பதற்குள், கருவாட்டின்மேல் ஊற்றிய பால் ஆடை கட்டிவிட்டது.

"உது என்னத்துக்குச் சிலுவை?" என்று உட்கார்ந்தபிறகு கேட்டார்.

"அவையள் எப்பவும் அப்பிடித்தான் அண்ணை. ரொட்டி சுட்டால் சிலுவை கீறித்தான் சுடுவினம்."

செபமாலை ரொட்டியைத் தன் பக்கம் இழுத்தார். அவரே பிய்த்தார். பிய்ப்பதற்குக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது.

பிறகு எல்லோரும் சாப்பிட்டோம், அல்லது முயன்றோம். தட்டில் எல்லாமே வெள்ளையாக இருந்தன. உறைப்பாகச் சம்பல் ஏதும் இருக்கிறதா என்று அடைக்கலநாதன் மரியாதையாகக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் மாமி கதவுக்குப் பின்னாலிருந்து சட்டியோடு வந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாத் தட்டுகளும் சிவந்துவிட்டன. செபமாலையின் தட்டு மட்டும் வெள்ளையாகவே இருந்தது. மாமா சாப்பிடவில்லை. அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செபமாலை முள்ளை ஒதுக்கிவிட்டு, கருவாட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அண்ணை, இறைச்சிதான் வைக்க இருந்தனான்..." என்று மாமா தொடங்கினார்.

"அதை விடு. உவையள் கருவாடு தின்னுற ஆக்களோ?"

ஷேனின் தாயின் தகப்பன் கடல் தொழில் செய்தவர் என்றும், மாரியில் கடல் கொந்தளித்தால் அந்த வீட்டில் இதுதான் சாப்பாடு என்றும் மாமா சொன்னார். செபமாலை சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். என்ன வலை, எந்தக் காற்றுக்குக் கடல் விடாது, சின்னப் படகா பெரிய படகா என்று கேட்டார். மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. போனை எடுத்து ஜெயனிக்கு அடித்தார்.

அங்கே அப்போதுதான் விடிகிற நேரம். பாதி நித்திரையில் வந்த ஜெயனி, பெரியப்பாவின் முகத்தைக் கண்டதும் எழுந்திருந்து அவசரமாகக் கொண்டையை முடிந்தார். செபமாலை மாப்பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. வலையைப் பற்றித்தான் கேட்டார். ஜெயனி தடுமாறி, விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

"கேட்டுச் சொல்லு," என்றுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு அவர் தேத்தண்ணியோடு முற்றத்தில் நின்றபோது மாமா பின்னால் போனார். நாங்கள் உள்ளே பேச்சை நிறுத்தினோம்.

"அண்ணை, அப்ப என்ன சொல்லுறியள்?"

செபமாலை தேத்தண்ணியை ஊதி ஒரு வாய் குடித்தார். "உறைப்பும் இல்லை, புளியும் இல்லை. ஆவணியிலை அவையள் வரேக்கை உதைச் சமைச்சு வைச்சுப்போடாதை. பாவங்கள், அவ்வளவு தூரத்திலையிருந்து வாறதுகள். இறாலும் கணவாயும் நான் கொண்டுவாறன்."

மாமாவின் காதில் விழுந்தது தன் சமையலைக் குறை சொன்ன பகுதி மட்டும்தான். கருவாட்டை எத்தனை தண்ணீர் மாற்றி ஊறவைத்தார், பால் ஏன் அவ்வளவு விட்டார் என்று அண்ணனுக்கு விளக்கத் தொடங்கினார்.

மாமிதான் முதலில் விளங்கிக்கொண்டார். கையைச் சேலையில் துடைத்தபடி முற்றத்துக்குப் போய், மாமாவின் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"பிள்ளை, பெரியப்பா ஓமெண்டிட்டார்," என்று அவர் சொல்வது எங்களுக்குக் கேட்டது. வெளியே மாமா, மாவைக் கட்டிபடாமல் கரைப்பது எப்படி என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.