நாலு பேருக்கு இரண்டு அறை

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கனடாவில், வோபர்னில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்பா இருந்தார், அம்மா இருந்தா, லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நான் இருந்தேன். பெரியம்மா இல்லை. அவ சிசிலியில், பலெர்மோவில் இருந்தா. அவவைப் பார்க்கத்தான் நாங்கள் போவதாக இருந்தது. ஆனால் அவவுக்கு இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பெரியம்மா அம்மாவின் ஒரே அக்கா. அம்மா கனடாவுக்கு வந்த காலத்தில் அவ இத்தாலிக்குப் போனவ. அதற்குப் பிறகு இரண்டு பேரும் நேரில் காணவில்லை. எனக்குப் பெரியம்மா என்றால் ஃபோனுக்குள் தெரிகிற ஒரு முகம். இங்கே கூப்பிட இரண்டு முறை விசாவுக்குப் போட்டோம், இரண்டு முறையும் இல்லையென்று வந்தது. முதல் முறை அம்மா கோயிலிலும் வேலையிலும் எல்லாருக்கும் சொல்லிவிட்டா. என் அறைக்குப் பெயின்ற் அடித்து, அவவுக்கென்று புது மெத்தையும் வாங்கிப் போட்டாயிற்று. இரண்டாம் முறை பாதிப் பேருக்குத்தான் சொன்னா. இந்த முறை நாங்கள் அங்கே போவதென்று முடிவான பிறகு, ஒருவருக்கும் இல்லை. பெரியம்மாவுக்குக்கூட இல்லை.

"எல்லாம் புக் பண்ணி முடியட்டும்," என்றா அம்மா. "முதலே சொன்னா அவ அங்கை கடைக்காரன் வரைக்கும் சொல்லிப்போடுவா. பிறகு நாவூறு பட்டு உதுவும் இல்லாமல் போயிடும்."

"இந்த முறை விசாவே தேவையில்லை," என்றார் அப்பா. "எங்களிட்டைக் கனடாப் பாஸ்போட் கிடக்கு. நாவூறு அதிலை என்ன செய்யும்?"

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது. சும்மா இருங்கோப்பா."

அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்தவன் நான்தான், பல்கலைக்கழகம் போனவனும் நான்தான். அதனால் லைட் பில்லில் இருந்து மருந்துப் போத்தலில் ஒட்டின துண்டு வரை எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் பார்த்தால் சரியாக இருக்கும் என்பது இரண்டு பேருக்கும் உறுதி. மத்தியதரைக் கடலை நானும் கண்டதில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ படிச்சனிதானே," என்றார் அப்பா. கதை முடிந்தது.

கடற்கரை ரிசோர்ட் என்பது என் யோசனை. அம்மா பாண் சுடுகிற பக்டரியில், ஓடுகிற பெல்ட்டடியில் நின்று வேலை செய்கிறவ. ஓகஸ்ட்டில் பக்டரி பூட்டுகிற நாட்களை விட்டால் அவவுக்கு வேறு லீவு கிடையாது. பெரியம்மா ஒரு வயதான இத்தாலிக்கார மனுசியைப் பராமரிக்கிற வேலை. இவை இரண்டு பேரும் ஒரு கிழமையாவது வேறு யாரோ சமைத்துத் தர இருந்து சாப்பிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. பலெர்மோவில் பெரியம்மாவின் வீட்டில் போய் நின்றால், அம்மா சப்பாத்தைக் கழற்றினவுடன் குசினிக்குள் போய்விடுவா. ரிசோர்ட்டில் குசினி இல்லை. இரண்டு அறை எடுத்தால் ஒன்றில் அப்பாவும் நானும், மற்றதில் அக்காவும் தங்கையும். கடலைப் பார்த்தபடி பால்கனி, அதில் இரண்டு கதிரை. எனக்கு அந்தக் கதிரைகள்தான் கண்ணுக்குள் நின்றன.

ஆனால் அந்த இடம் எங்களுக்குச் சரிவருமா என்று எப்படித் தெரிவது? படங்களில் எல்லா இடமும் சரியாகத்தான் இருந்தது. அங்கே போய்வந்தவர்கள் எழுதியதைக் கிழமைக் கணக்கில் வாசித்தேன். ஒருவர் மணல் மா மாதிரி என்று எழுதினார். அடுத்தவர் முழுக்கக் கல்லு, காலில் செருப்பில்லாமல் இறங்காதே என்றார். ஒரு மனுசி சாப்பாட்டை மெச்சி மெச்சி எழுதியிருந்தா. இன்னொருவர் கடற்கரைக் குடைக்கு நடந்த சண்டையை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அவர்கள் ஒருவருக்கும் அம்மாவின் நோகிற முழங்காலைத் தெரியாது.

"கடல் ஆழமோ?" என்று கேட்டார் அப்பா.

"ஏனப்பா, இறங்கப் போறீங்களோ?"

"ஆர் இறங்கினது? கேட்டு வைப்பமெண்டு."

"வெள்ளிக்கிழமையிலை மரக்கறி கிடைக்குமோ?" இது அம்மா.

"பாஸ்தா இருக்கும்."

"ஏழு நாளும் உதோ?"

"கொஞ்சம் மிளகாய்த்தூள் கொண்டுபோவம்," என்றார் அப்பா. அவருக்கு அத்துடன் சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

உண்மையில் இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் போதும் என்று எனக்கு இருந்தது. சண்டை பிடித்தாலும் பரவாயில்லை. ஆனால் நான் எதைக் காட்டினாலும் அம்மா கண்ணாடியைப் போட்டுத் திரையைப் பார்த்து, "நீ சொன்னாச் சரி," என்றா. வேறொன்றைக் காட்டினேன். அதற்கும் அதே முகம், அதே பதில். பெரியம்மாவைக் கேட்டிருந்தால் அந்தப் பக்கத்தின் பஸ்ஸையும் வெயிலையும் சொல்லியிருப்பா. அவவைத்தான் கேட்கக் கூடாது.

கடைசியில், மணல் என்று நிறையப் பேர் சொன்ன இடத்தில் வந்து நின்றேன். இரண்டு விலை இருந்தது. பிறகு மாற்றலாம் என்றால் விலை அதிகம், மாற்ற முடியாது என்றால் குறைவு.

"குறைஞ்சதைப் போடன்," என்றா அம்மா. "ஏன் மாத்தப்போறம்? போறதுதானே."

நாலு பேர் என்று போட்டேன். நாலாவதாகப் பெரியம்மாவின் பெயரை அடித்தபோது அம்மா எழும்பி வந்து, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

உடனே ஃபோன் எடுத்தோம். பெரியம்மா வழக்கம்போல அந்தப் பெரிய வீட்டின் மொட்டைமாடியில், பூச்சட்டிகளுக்கு நடுவில் இருந்தா. நாங்கள் வாறம் என்று அம்மா சொன்னதும் அவ அழத் தொடங்கினா, அம்மாவும் தொடங்கினா. அப்பா எழும்பி யன்னலடிக்குப் போனார். எப்போது என்று பெரியம்மா கேட்டா. அம்மா சொன்னா. அவவின் அழுகை நின்றது.

"ஓகஸ்ட்டிலையோ, பிள்ளை?"

"ஓமக்கா. உங்களுக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறம். நாலு பேர். நீங்கள் எங்களோடைதான் படுக்கிறீங்கள்."

"ஓகஸ்ட்டிலை நான் இஞ்சை இல்லையே. வெக்கையெண்டு சின்யோராவை மலைக்குக் கொண்டுபோறது. அவவின்ரை பிள்ளையள் எல்லாம் அந்த நேரம் லீவிலை போயிடுவினம். நானும் அவவும் மட்டும்தான். ஒரு இரவுக்கும் விட்டிட்டு வரேலாது."

சின்யோரா என்றால் அவ பராமரிக்கிற மனுசி.

"அப்ப நாங்கள் பலெர்மோவிலை உங்கடை வீட்டைத் திறந்து..." என்று தொடங்கினா அம்மா.

பெரியம்மா பூச்சட்டியைத் திரும்பிப் பார்த்தா. பிறகு சொன்னா, "இது சின்யோராவின்ரை வீடு, பிள்ளை. என்ரை அறை குசினிக்குப் பின்னாலை. ஒரு கட்டில் வைக்கலாம். அவ்வளவுதான்."

இத்தனை வருடமும் அந்த மாடியையும் அந்தப் பூக்களையும்தான் அம்மா ஆட்களுக்கு அக்காவின் வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தா. அக்காவும் தங்கை கவலைப்படக் கூடாதென்று அப்படியே விட்டிருக்கிறா.

"முந்தியே ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, தம்பி," என்றா பெரியம்மா என்னிடம். கோபமாக இல்லை.

அடுத்த நாள் ரிசோர்ட்டுக்கு ஃபோன் எடுத்தேன். நல்ல மாதிரிக் கதைத்த ஒரு பெண், நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். தன்னுடைய பெரியம்மாவும் தூரத்தில்தான் இருக்கிறா என்றுகூடச் சொன்னாள். திகதியை மட்டும் மாற்ற ஏலாது என்றாள். அம்மாவின் பக்டரி திகதியை மாற்றாது. மலைக்குப் போகிற சின்யோராவையும் மாற்ற ஏலாது. ரிவியூக்களைத் திரும்ப ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று தெரியவில்லை.

போனோம். மணல் என்று சொன்னவர்கள் சொன்னது சரி. வரவேற்பில் நாலு பிளாஸ்ரிக் பட்டி தந்தார்கள், கையில் கட்ட. ஒரு ஆள் வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலாவதைப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலமை ரக்சி பிடித்து மலைக்கு ஏறினோம். வளைந்து வளைந்து போன பாதையில் அம்மா இரண்டு முறை சத்தி எடுத்தா. பழைய கல்வீட்டு வாசலில் பெரியம்மா நின்றா. வீடியோவில் இருந்ததைவிடக் கட்டை. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுது முடிக்க முதல் உள்ளே சின்யோரா கூப்பிட்டா. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினா. அம்மாவும் பின்னால் போனா. நாங்கள் உள்ளே போனபோது, ஒரு பக்கம் அக்காவும் மறுபக்கம் தங்கையுமாகச் சின்யோராவைத் தூக்கிக் கதிரையில் இருத்திக்கொண்டிருந்தார்கள்.

பின்னேரம் வெளிக்கிட நேரமானதும் அம்மா சொன்னா, "நான் இஞ்சை நிக்கிறன். நீங்கள் ரண்டு பேரும் போங்கோ."

"அம்மா, ரூம்..."

"ரூமிலை போய் நான் என்ன செய்யிறது?"

பெரியம்மா சின்யோராவின் மகளுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டா. மகளுக்கு நல்ல சந்தோசம்.

"ஒரு சம்பளத்துக்கு ரண்டு பேர்," என்றார் அப்பா கீழே இறங்குகிற வழியில். "ஆர் வேண்டாமெண்டு சொல்லுவினம்?"

மிச்ச நாட்கள் அப்பாவும் நானும் ரிசோர்ட்டில் இருந்தோம். இரண்டு அறை, இரண்டு பால்கனி. அப்பா நீளக் காற்சட்டையும் சேட்டுமாகக் குடைக்குக் கீழே இருந்து கடலைப் பார்த்தார். காலைக்கூட நனைக்கவில்லை. சாப்பிடப் போகிறபோது மிளகாய்த்தூள் போத்தலைச் சேட்டுப் பொக்கெற்றில் கொண்டுவருவார். அதைக் கண்ட ஒரு வெயிட்டர் தனக்கும் கொஞ்சம் கேட்டான். போட்டுத் தின்றுவிட்டு அவன் பட்ட பாட்டை அப்பா அம்மாவுக்குச் சொல்ல ஃபோன் எடுத்தார். அம்மாவுக்குக் கதைக்க நேரமில்லை, சின்யோராவைக் குளிக்கவார்க்கிற நேரம் என்றா. பின்னால் பெரியம்மா எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"சிரிக்கினம்," என்றார் அப்பா ஃபோனை வைத்துவிட்டு.

கடைசி நாள் அம்மாவைக் கூட்டிவரப் போனபோது அவ கையில் ரிசோர்ட் பட்டி அப்படியே இருந்தது, சோப்புத் தண்ணீரில் எழுத்து அழிந்து. விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. பெரியம்மா வாசலில் நின்று கையைக் காட்டினா. சின்யோரா உள்ளே கூப்பிட, ரக்சி திரும்புவதற்கு முன்பே போய்விட்டா.

விமானத்தில் அம்மா ஏறினது முதல் நித்திரை. எங்கோ நடுவில் எழும்பி என்னைத் தட்டினா.

"ஐஞ்சு இரவும் அக்காவோடை ஒரே கட்டிலிலைதான் படுத்தனான்," என்றா. "சரியான ஒடுக்கம். ஒராள் திரும்பினா மற்ற ஆளும் திரும்ப வேணும்."

"அங்கை ரெண்டு கட்டில் சும்மா கிடந்தது, அம்மா."

"தெரியும். அக்கா தன்ரை கட்டில் காசைத் தாறனெண்டு நிக்கிறா. எல்லாமா எவ்வளவு முடிஞ்சது?"

"அவவிட்டை ஒண்டும் சொல்லாதேங்கோ."

"சொல்லேல்லை. எனக்குச் சொல்லு."

ரிக்கெட், இரண்டு அறை, மலைக்குப் போய்வந்த ரக்சி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டொலர்.