வெள்ளைச் சாப்பாட்டை மறுத்த பொங்நிம்

யாங் பொங்நிம் அக்காவுக்கு வலி வந்தது வலது பக்க அடிவயிற்றில். குடல்வால்தான் என்று சந்தையே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் அக்காவின் வாய் ஓயவில்லை. "அதத்தான் கல்யாணத்துக்கு முன்னாடியே அறுத்துப் போட்டாச்சே! மறுபடி முளைக்க அது என்ன வெங்காயத்தாளா?"

ஸ்கேனில் வேறு கதை தெரிந்தது. பெருங்குடலின் சுவரில் சின்னச் சின்னப் பைகள் புடைத்திருந்தன. அதில் ஒன்று வீங்கிச் சீழ் கோத்திருந்தது. டைவர்டிகுலைட்டிஸ் என்றார்கள். ஊசி வழியாக மருந்து இறங்கியது, காய்ச்சல் விட்டது, அக்கா வீடு திரும்பினார். தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

கொரியக் கடலோர ஊரான எங்கள் குன்சானில் ஒருவர் படுத்தால் அவர் வீட்டுக்குக் கஞ்சி போயாகவேண்டும். பூசணிக் கஞ்சி, சிப்பிக் கஞ்சி, ஒன்றுமே போடாத வெள்ளைக் கஞ்சி. கொண்டுவந்தவர் முன்னால் இரண்டு கரண்டியாவது குடித்துக் காட்டவேண்டும். அதுதான் மரியாதை. சந்தையில் மிளகாய் மசாலாவில் ஊறிய முட்டைக்கோஸ் விற்கும் அக்காவின் கிம்ச்சிக் கடைக்கு மேல்மாடியில் பல வருஷமாகக் குடியிருப்பவன் என்பதால் நானும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டுதான் போனேன். குளிர்பெட்டியில் கிம்ச்சி வைக்க இடமில்லாமல் கஞ்சி அடைத்திருந்தது.

இதற்கெல்லாம் தலைமை வகித்தவர் பெரிய நாத்தனார் பில்சுன். அக்கா கணவனின் உடன்பிறந்தவர். தம்பி வயிற்று வலியை வெளியே சொல்லாமல் அடக்கிவைத்து, கடைசியில் புற்று முற்றிப் போய்ச் சேர்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அதனால் தம்பி மனைவியின் வயிற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சிவப்பாக இருக்கும் எதுவும் அக்காவின் வாய்க்குள் போகக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

"மிளகாய்தான் குடல ஓட்டை போட்டிருக்கு. இனிமே நீ வெள்ளையாத்தான் சாப்பிடணும், பொங்நிம்."

"அக்கா, நான் கிம்ச்சி விக்கிறவ. ருசி பாக்காம எப்படி விக்கிறது?"

"ருசி நான் பாக்குறேன். நீ கல்லாவுல உக்காரு."

இது சின்ன விஷயம் இல்லை. மிளகாய்த்தூள், உப்பு போட்ட இறால், நெத்திலிச் சாறு, பூண்டு, முள்ளங்கித் துருவல் எல்லாம் சேர்த்துப் பிசையும் மசாலாவை ஒவ்வொரு முறையும் பொங்நிம் அக்கா விரலில் தொட்டு நாக்கில் வைத்துத்தான் முடிவு செய்வார். அந்த விரலுக்காகத்தான் ஆட்கள் பக்கத்துக் கடையைத் தாண்டி வந்தார்கள். வசந்தகாலம் முழுக்க பில்சுன் ருசி பார்த்தார். அவர் கை உப்புக் கை. வாடிக்கைக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை, வருவதைத்தான் குறைத்துக்கொண்டார்கள். ஒருநாள் ஷட்டரை இறக்கும்போது அக்கா என்னிடம், "குளிர்காலம் முழுசுக்கும் சேத்துப் போடுற நவம்பர் கிம்ச்சி வேலைக்கும் நான் இப்படிக் கல்லாவுலயே உக்காந்திருந்தா, அப்புறம் இந்தக் கடை என் கடை இல்ல தம்பி" என்றார்.

அத்தனை மாசம் வெள்ளையாகச் சாப்பிட்டும் வயிறு அவரை விடவில்லை. காய்ச்சல் இல்லை, ஆனால் சாயங்காலமானால் இழுத்துப் பிடிக்கும். மலச்சிக்கல் வேறு. ஒவ்வொரு தடவையும் பில்சுன், "ஒளிச்சு வெச்சு மிளகாய் தின்னியா?" என்று கேட்பார். அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது அந்தக் கேள்வியில்தான்.

கோடையில் மறுபரிசோதனைக்குப் போனபோது என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். எனக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது, இருந்தாலும் போனேன். டாக்டர், அக்காவுக்கு மகள் வயசிருக்கும் பெண். குழாய் விட்டுப் பார்த்த படத்தைத் திரையில் காட்டினார். பைகள் அப்படியே இருந்தன, வீக்கம் இல்லை.

"இன்னுமா கஞ்சி குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"குடிக்க வெக்கிறாங்க."

"காய்ச்சல் இருக்கும்போதுதான் அது. ஆறினதுக்கப்புறம் கீரை, காய், முழுத்தானியம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாச் சேக்கணும். இல்லன்னா குடல் வேலை செய்யாது."

"மிளகாய்?"

"ஒருத்தருக்கு ஒத்துக்கும், ஒருத்தருக்கு ஒத்துக்காது. என்கிட்ட எல்லாருக்கும் பொதுவா ஒரு பட்டியல் இல்லம்மா. ஒரு சமயத்துல ஒரே ஒரு புதுச் சாப்பாடு, ரெண்டு மூணு நாள் பொறுத்துப் பாருங்க. வலியோட காய்ச்சல் வந்தா மட்டும் உடனே இங்க ஓடி வந்துடணும்."

அக்கா வெளியே வந்து மருத்துவமனை வாசலிலேயே இடுப்பில் கை வைத்து நின்றார். "கேட்டியா தம்பி? பட்டியல் இல்லையாம். அப்ப இத்தன மாசமா என் தலையில யார் பட்டியலக் கட்டி வெச்சாங்க?"

அன்றைக்கே பார்லிச் சோறு வடித்தார். அது ஒத்துக்கொண்டது. பிறகு வேகவைத்த பசலை, அதுவும் சரி. பிறகு கிம்ச்சி, ஆனால் மசாலாவைத் தண்ணீரில் அலசிவிட்டு. சின்னக் குழந்தைகளுக்குத்தான் இங்கே அப்படிக் கொடுப்பார்கள். பில்சுன் அதைப் பார்த்துவிட்டார்.

"பல்லு முளைக்காத பிள்ள மாதிரி கிம்ச்சியக் கழுவித் திங்குறியே, வெக்கமா இல்ல?"

"இன்னிக்குக் கழுவித் திங்குறேன். அடுத்த வாரம் பாதி கழுவித் திம்பேன். அதுக்கடுத்த வாரம் கழுவவே மாட்டேன். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க."

சொன்னபடியே செய்தார். கழுவாத கிம்ச்சியைச் சாப்பிட்டு நாலு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் வெளியூர் வியாபாரிகள் வரும் பெரிய சந்தை நாள். அன்று சாயங்காலம் வயிறு பிடித்துக்கொண்டது. கல்லாவின் மேல் கவிழ்ந்து கிடந்தவரைப் பார்த்து பில்சுன் கத்தவில்லை, அழுதார். "என் தம்பியும் இப்படித்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னான்." அக்கா காய்ச்சல் பார்க்கும் கருவியை வாயிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினார். காய்ச்சல் இல்லை.

மறுநாள் அக்கா ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "நேத்து நான் என்ன புதுசாச் சாப்பிட்டேன்?" என்றார்.

"ஒண்ணும் இல்லையே. அதே கிம்ச்சிதான்."

"அப்ப வலி எதுக்கு வந்துச்சு?" தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டுவிட்டு, மேசையில் இருந்த காகிதக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிக்கொண்டே இருந்தவர் கை சட்டென்று நின்றது.

பொட்டலக் காப்பி. தூளும் சர்க்கரையும் பால்மாவும் ஒன்றாய்க் கலந்த குச்சிப் பொட்டலம். சந்தையில் ஒரு கடைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் வெந்நீர் ஊற்றி அதைத்தான் கையில் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்கிற வழக்கமே கிடையாது. பெரிய சந்தை நாளில் கடைக்குக் கடை ஒரு கோப்பை. படுத்த நாளிலிருந்து அக்கா அதைக் கூடுதலாகவே குடித்துவந்தார். நாக்குக்கு வேறு ருசி இல்லை. சிவப்பாக இல்லாததால் யாரும் அதைச் சந்தேகப்படவும் இல்லை. கஞ்சி கொண்டுவந்தவர்கள்கூடக் கஞ்சிக்கு மேல் ஒரு கோப்பை கலக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

காப்பியை நிறுத்தினார். மீன்கடை ஓக்புன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "என் கடைத் தண்ணி உனக்குக் கசக்குதா?"

"உன் தண்ணி தேன்தான்டி. என் குடல்தான் திமிர் புடிச்சது."

ரெண்டு வாரம் வயிறு சத்தமே போடவில்லை. நானாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். அக்கா விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேண்டுமென்றே இரண்டு பொட்டலத்தை ஒரே கோப்பையில் கலக்கி, பில்சுன் பார்க்க, மடமடவென்று குடித்தார். சாயங்காலம் தரையில் முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்தார். நான் பயந்து போன் எடுக்க, அக்கா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார்.

"போனை வை தம்பி. திருடன் மாட்டிக்கிட்டான்."

பச்சைப் பூண்டும் அவருக்கு ஆகவில்லை என்பது பிறகு தெரிந்தது. இறைச்சியோடு முழுசாக மென்றால் வயிறு ஊதும், மசாலாவில் அரைத்தது கொஞ்சமென்றால் ஒன்றும் செய்யாது. அதை அவரே சொன்னார், மறைக்கவில்லை. ஆனால் பில்சுன் இறங்கி வரவில்லை. "காப்பியும்தான், மிளகாயும்தான்" என்று ஒரே பிடி.

நவம்பர் கடைசியில் கிம்ச்சி வேலை. உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் மலைபோல் குவிந்திருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் ரப்பர் கையுறையோடு வந்துவிட்டார்கள். மசாலாத் தொட்டியின் முன்னால் பில்சுன் உட்கார்ந்திருந்தார். பிசைந்து முடித்ததும், தொட்டிக்காரர் ஒரு இலையில் மசாலாவைச் சுருட்டி ஒவ்வொருவர் வாயிலும் தன் கையால் ஊட்டவேண்டும். அதுதான் உப்புப் பார்க்கும் முறை. பில்சுன் ஒவ்வொருவராக ஊட்டிக்கொண்டே வந்தார். எல்லாரும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றார்கள். ஓக்புன் மட்டும் விழுங்கியதும் தண்ணீர் தேடினார்.

பொங்நிம் அக்காவின் முறை வந்தபோது பில்சுன் பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்து நீட்டினார். வெள்ளைக் கஞ்சி.

அக்கா அதை வாங்கவில்லை. தொட்டிக்கு எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

"ஊட்டுங்க."

"மாட்டேன்."

"அப்ப நானே எடுத்துக்குவேன். எல்லாருக்கும் ஊட்டிட்டு எனக்கு ஊட்டலன்னு ஊர் உங்களத்தான் பேசும்."

பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். திறந்த வாயோடு அக்கா காத்திருந்தார். பில்சுனின் கண் கலங்கியது. "செத்துப் போனா என்னடி பண்ணுவேன்?"

"நான் அவர் இல்லக்கா. வலிச்சா அப்பவே சொல்லிடுவேன். ஊரைக் கூட்டியே சொல்வேன். இப்ப ஊட்டுங்க, தாடை நோவுது."

பில்சுன் இருப்பதிலேயே சின்ன இலையாகப் பார்த்து எடுத்தார். கிள்ளினாற்போல் மசாலா வைத்தார். போதாதென்று அக்கா தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் வைத்தார். மறுபடி தலையாட்டல். கடைசியில் ஒரு முழுச் சுருட்டு, சிவப்புச் சாறு வழிய, அக்காவின் வாய்க்குள் போனது.

எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் வயிற்றையே பார்த்தார்கள். நானும்தான். அக்கா நிதானமாக, கண்ணை மூடி, கடைசி நார் வரைக்கும் மென்று விழுங்கினார். புறங்கையால் வாயைத் துடைத்தார்.

"கரிக்குது. கடல்ல முக்கி எடுத்தா மாதிரி இருக்கு. முள்ளங்கி இன்னும் ரெண்டு கூடை துருவுங்க. ஒரு பேரிக்காயும் அரைங்க."

பில்சுன் எழுந்து, கையுறையைக் கழற்றாமலே ஒதுங்கி நின்றார். அக்கா தொட்டியின் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, மூடியைத் திறந்து ஃபிளாஸ்கை அவர் பக்கம் தள்ளினார்.

"நீங்க குடிங்கக்கா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."