கொடுத்துவிட்ட ரேடியோ

குற்றாலத்தில் சாரலுக்கு ஒதுங்கிய டீக்கடையில் பழைய ரேடியோ ஒன்று பாடியது. செத்து இருபது வருடமான அப்பா மேல் எனக்கு உடனே ஆத்திரம் வந்தது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் தென்காசித் தெருக்காரர்கள் கறி தின்பதை விட்டார்கள். ஆண்டவருக்கு அது போதாதா? அப்பா மட்டும், எதன்மேல் ஆசை அதிகமோ அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று, எங்கள் ரேடியோவைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோனார். தென்னையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்த பக்கத்து வீட்டு இசக்கி அண்ணாச்சிக்குக் கொடுத்துவிட்டார். ஈஸ்டரோடு எல்லா வீட்டுக்கும் கறி திரும்பி வந்தது. ரேடியோ வரவில்லை.

சாயங்காலமானால் அண்ணாச்சி வீட்டு ஜன்னலுக்கு வெளியே, சாரல் மாதங்களில் நனைந்தபடிகூட நின்று அப்பா பாட்டுக் கேட்பார்.

"நம்ம ரேடியோவைக் கேக்க அடுத்த வீட்டு ஜன்னல்ல போயி நிக்கியளே, வெக்கமா இல்லயா?" என்று கத்தினேன்.

"இப்பதாம்ட்டி அது நல்லாப் பாடுது" என்று சிரித்தார்.

பத்து நாள் அவரோடு பேசவில்லை.

இன்று என் வீட்டில் மூன்று ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஒன்றிலும் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டதில்லை. சாரல் விட்டுவிட்டது, டீயும் முடிந்துவிட்டது. நான் நகரவில்லை. அப்பா மேல் ஆத்திரம் இன்னும் கூடுகிறது. யாருடையதோ அந்த ரேடியோ, நன்றாகத்தான் பாடுகிறது.