பரிசீலிக்கிறோம்

என் அண்ணன் முப்பத்திரண்டு வருடம் வெளியுறவுத் துறையில் இருந்தவர். எந்த நாட்டுக்காரர் என்ன கேட்டாலும் 'முடியாது' என்று மட்டும் சொன்னதில்லை. 'பரிசீலிக்கிறோம்' என்பார். கேட்டவர் புரிந்துகொண்டு கோப்பை மூடிவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். எனக்கு வந்த நல்ல வரன் ஒன்றைப் பரிசீலித்தே தொலைத்தார்.

ஓய்வு பெற்ற கையோடு, இலவசமாக டயாலிசிஸ் செய்யும் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார். எங்கள் தம்பி சிறுநீரகம் கெட்டுத்தான் செத்துப்போனான். அண்ணன் அப்போது எங்கோ பேச்சுவார்த்தையில் இருந்தார். வாடகை வீட்டின் கீழ்த்தளம், நான்கு இயந்திரங்கள், நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான். ஆறு வருடமாக ஒரு நாற்காலிகூடக் காலியாக இருந்ததில்லை. எனக்கு முழங்காலும் போய்விட்டது, பொறுமையும் போய்விட்டது.

போன மாதம் எங்கள் தெருத் தையல்காரரின் மனைவி வந்து புருஷனுக்கு இடம் கேட்டாள்.

"கண்டிப்பா பரிசீலிக்கிறோம்மா" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார் அண்ணன்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் புருஷனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்துவிட்டாள். போர்வை, தண்ணீர் பாட்டில் எல்லாம் தயாராக. அவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கியது.

"பெரியாஸ்பத்திரியில இன்னைக்கு வரச் சொன்னாங்க. நீங்கதான் கண்டிப்பான்னு சொல்லிட்டீங்களேன்னு வேணாம்னுட்டேன்."

அண்ணன் அங்கே போன் செய்தார். அந்த இடம் வேறொருவருக்குப் போயிருந்தது.

"இடம் இல்லைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் அண்ணன்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

தன் முறைக்கு நாற்காலியில் உட்காரப்போன பஸ் டிரைவர் ஒருவர் விலகிக்கொண்டார். "எனக்கு நாளைக்குப் பாத்துக்கலாம் சிஸ்டர்." மறுநாளிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கே இயந்திரங்களை ஓட்டுகிறோம். தையல்காரர் பிழைத்தார், என் தூக்கம் போயிற்று.

நேற்று ஒருவர் மகளுக்காக வந்தார். ஐந்து மணிக்கும் ஆள் நிரம்பியாயிற்று. அண்ணன் வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இடம் இல்லைங்க. இங்க காத்திருக்காதீங்க. இப்பவே வேற இடம் பாருங்க."

அவர் ஓடாத குறையாகப் போனார். அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தம்பிகிட்டயும் 'வரப் பாக்கறேன்'னுதான் சொன்னேன். அவன் நம்பிட்டு இருந்தானா?"

இத்தனை வருடத்தில் அவர் இதைக் கேட்டதே இல்லை.

"ஆமாண்ணே. கடைசி வரைக்கும் வாசலையேதான் பாத்துட்டு இருந்தான்" என்றேன்.