பிஸ்கட் செக்ஷன்

நான் வேலை பார்த்த இடத்துக்குப் பெயர் பிஸ்கட் செக்ஷன். இந்த ஒரு வார்த்தையால் என் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் அது என்னவென்று சொல்லிவிட வேண்டும். களிமண்ணில் செய்த கப்பையோ ஃபியூஸ் கட்டையையோ சூளையில் ஒரு தடவை சுட்டு எடுத்தால், பளபளப்பே இல்லாமல் வெள்ளை வெளேரென்று சொரசொரப்பாக வரும். அதைத்தான் செராமிக்கில் பிஸ்கட் என்போம். அதைக் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சுக் குழம்பில் முக்கி இன்னொரு தடவை சுட்டால்தான் கடையில் பார்க்கிற பளபளப்பு வரும். யார் இந்தப் பெயரை வைத்தார்களோ, அவர்களுக்குப் பிள்ளைகுட்டி இருந்திருக்காது.

விருத்தாசலத்தில் அப்போது சின்னதும் பெரியதுமாகப் பல செராமிக் பட்டறைகள். எங்களுடையது நடுத்தரம். பிஸ்கட் செக்ஷனில் ஏழு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு கப்பாக எடுத்து விரல் முட்டியால் தட்ட வேண்டும். கிண்ணென்று கேட்டால் நல்லது. டொக்கென்று கேட்டால் உள்ளே எங்கோ விரிசல், தூக்கி ஓரமாகப் போட வேண்டும். அப்புறம் தட்டுக்கு இரண்டு மூன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்போம். நாக்கில் ஒட்டினால் சரியாக வெந்திருக்கிறது, கிளேஸை நன்றாகக் குடிக்கும். ஒட்டாவிட்டால் அதிகம் வெந்துவிட்டது. இதற்கு மெஷின் கிடையாது, எங்கள் நாக்குதான் மெஷின். சாயங்காலத்துக்குள் நாக்கு செத்துப்போய்விடும். வீட்டுக்கு வந்து குழம்பு கொதிக்கும்போது உப்பு பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியாது.

"என்னா இது, கடல் தண்ணியில வெச்சியா?" என்பார் என் வீட்டுக்காரர். மறுநாள் பயந்துகொண்டு குறைத்துப் போட்டால், "உப்புப் போடவே மறந்துட்டியா?" என்பார்.

அவருக்குப் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை. கரும்பு அரவை தொடங்கிவிட்டால் அவருக்கு எந்த ஷிஃப்ட், எந்த பஸ்ஸில் வருவார் என்று அவருக்கே தெரியாது. பாவம், கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு சொம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விடியற்காலை குழாயில் தண்ணீர் பிடிப்பது, சீமெண்ணெய் ஸ்டவ்வோடு மல்லுக்கட்டுவது, சோறு வடிப்பது, மூன்று டிபன் பாக்ஸ் கட்டுவது, ஐந்து வயது மகளைக் குளிப்பாட்டித் தலை பின்னுவது எல்லாம் என் பாடு. சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் நுழைய வேண்டும். ஓட்டமும் நடையுமாகப் போவேன். தெருவில் யாராவது, "ஒனக்கென்னம்மா, ஜம்முனு கெளம்பிப் போயிடற" என்பார்கள். அப்போது வருகிற ஆத்திரத்துக்கு, கையிலிருக்கிற பாக்ஸால் ஒரு போடு போடலாமா என்றிருக்கும். சிரித்துவிட்டுப் போவேன்.

மகளைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு அக்கா. கிறிஸ்தவர், ரயில்வேக்காரர் மனைவி, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவர். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நேராக அவர் வீட்டுக்குப் போய்விடுவாள். அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

சாயங்காலம் நான் வந்ததும் அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்து, உள்ளங்கையில் மூக்கை வைத்து நன்றாக மோந்து பார்ப்பாள். ஒருநாள்கூடத் தவறாது. எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். "பாத்திங்களாக்கா, அம்மா வாசன இல்லாம அவளுக்கு ஆவாது" என்று அக்காவிடம் பெருமையடித்துக்கொள்வேன். நாள் முழுக்கப் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் கழிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மோந்து முடித்ததும் அவள் முகம் சுருங்குவதை நான் கவனிக்கவில்லை. கவனிக்க எங்கே நேரம்?

முதல் வகுப்பு ஆரம்பித்த இரண்டு மாதத்தில் அந்த மோப்பம் நின்றுபோனது. நான் கையை நீட்டினால் ஒதுங்கிப் போனாள். நான் ஊட்டினால் வேண்டாம் என்றாள். தலை பின்னக்கூட, "பெரிம்மா பின்னுவாங்க" என்று சீப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு பருவம் என்று விட்டுவிட்டேன். ஒரு சாயங்காலம் கூட்டிவரப் போனபோது, தையல் மெஷினின் இரும்புக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றாள்.

"நான் வரல. பெரிம்மா வூட்லயே இருந்துக்கறேன்."

"வாடி, நேரமாவுது."

"நீ ஒண்ணும் எங்கம்மா இல்ல."

அன்றைக்கு எனக்குக் காலையிலிருந்து தலைவலி. தட்டுத் தட்டாக விரிசல் விழுந்த சரக்கு வந்து, ஃபோர்மேனிடம் பாட்டு வாங்கியிருந்தேன். ஓங்கி ஒரு அறை கொடுத்துவிட்டேன். அக்கா, "ஐயோ, புள்ளையப் போயி!" என்று ஓடி வந்தார். மகள் அழக்கூட இல்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

வீட்டுக்காரர் சொன்னது எளிதாகத்தான் இருந்தது. "வுட்டுடு. புள்ள கையவுட்டுப் போச்சுன்னா வேலைய வெச்சிக்கினு என்னா பண்ணப் போற?" அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை எனக்கு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, அப்பாவிடம் சண்டை போட்டு வாங்கிய வேலை. அடுத்த மாதம் நிரந்தரமாக்கப் போவதாகவும் பேச்சு இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மகளுக்காக மட்டும் நான் வேலையை விட நினைக்கவில்லை. எனக்கே சலித்துப்போயிருந்தது. படுத்தால் எழுந்திருக்கக் கூடாது என்ற அளவுக்கு அலுப்பு. மகள் ஒரு நல்ல காரணமாகக் கிடைத்தாள். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று ஒரு கடிதம் எழுதி ஃபோர்மேனிடம் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டு மேஜை டிராயரில் போட்டார். "ஆயுத பூஜ முடியட்டும்மா. அப்புறம் மேல அனுப்பறேன். நல்லா யோசன பண்ணிக்க" என்றார். நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவர் வீட்டில் யோசனை செய்வதற்கு அவர் மனைவி இருந்தார்.

இரண்டு நாள் கழித்து அக்கா என்னைக் காம்பவுண்டுச் சுவருக்குக் கூப்பிட்டார். சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு. "விஷயம் தெரியுமா ஒனக்கு? ஒம் மவ ஏன் கோவமா இருக்குதுன்னு இன்னிக்குத்தான் கக்கிச்சு. நீ பிஸ்கட்டு கம்பெனியில வேல செய்யறியாம். நாள் பூரா நீ தின்னுட்டு, அதுக்கு ஒண்ணுகூட எடுத்தாற மாட்றியாம்!"

எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் அந்த உள்ளங்கை மோப்பம் ஞாபகம் வந்தது. அப்படியே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அடிப்பாவி மகளே, வருஷக்கணக்காக என் கையில் பிஸ்கட் வாசனை வருகிறதா என்றா பார்த்தாய்? அதை அம்மா பாசம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே நான்!

அன்றைக்குச் சாயங்காலம் மடியில் உட்கார வைத்து விளக்கிச் சொன்னேன். அது திங்கிற பிஸ்கட் இல்லை, மண்ணு, சும்மா அப்படிப் பேர் வைத்திருக்கிறார்கள் என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பொய் சொல்ற. நான் பாத்தேன்."

"என்னாத்தப் பாத்த?"

"அன்னிக்கு சாவி குடுக்க பெரிம்மாகூட வந்தேன்ல? சன்னல் வழியாப் பாத்தேன். நீ ஒண்ணொண்ணா எடுத்து வாயில வெச்ச. பக்கத்துல இருந்தவங்களும் வெச்சாங்க. எல்லாரும் தின்னீங்க."

பார்த்தது பார்த்ததுதான். வாயில் வைத்தது வைத்ததுதான். ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்யலாம் என்று கடைக்குப் போய் வாங்கியும் வந்தேன். அவள் வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு மட்டும் ஏன் எடுத்தாந்த?" என்று கேட்டாள். தொலைந்தேன். நான் இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தேன் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

கடிதத்தைத் திரும்ப வாங்க வேண்டும் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை. இன்றைக்கு பிஸ்கட், நாளைக்கு வேறொன்று. வேலைக்குப் போகிறவள் வீட்டுக்குக் கொண்டுவராதது ஏதாவது ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும், அதை அவள் கணக்கு வைத்துக்கொண்டேதான் இருப்பாள் என்று பட்டது. ஆனால் வேலையை விடுவதற்குள் இந்தப் பொய்க்காரிப் பட்டத்தையாவது கழுவிக்கொண்டு போக வேண்டும். ஆயுத பூஜையன்றைக்குப் பட்டறைக்குள் குடும்பத்தோடு வரலாம். போன வருஷம் அவளுக்கு அம்மை போட்டிருந்ததால் கூட்டிப் போகவில்லை. இந்த வருஷம் கூட்டிப் போவதென்று முடிவு செய்தேன்.

பூஜையன்று சிவப்புச் சீட்டிப் பாவாடை கட்டி, கையில் ஒரு துணிப்பையோடு கிளம்பினாள். பெரியம்மாவிடம் கேட்டுத் தைத்து வாங்கியிருக்கிறாள். எதற்கென்று நான் கேட்கவில்லை, கேட்டுத்தானா தெரிய வேண்டும்? பட்டறை முழுக்க மாவிலைத் தோரணம். கப் வார்க்கிற அச்சு மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமப் பொட்டு. வாசலில் பூசணிக்காய் உடைத்துச் சிதறிக் கிடந்தது. சாமி கும்பிட்டு முடித்ததும் பிள்ளைகளுக்கெல்லாம் பொரி, கடலை, வெல்லம் கொடுத்தார்கள். அவள் பையில் கொட்டிக்கொண்டு, "பிஸ்கட்டு எங்க?" என்றாள்.

கையைப் பிடித்து எங்கள் செக்ஷனுக்குக் கூட்டிப் போனேன். விடுமுறை என்பதால் ஆளில்லை. சுவர் நீளத்துக்கு மரச் சட்டங்கள், தரையிலிருந்து கூரைவரை கப்பும் சாஸரும் ஜாடியும் வெள்ளையாக அடுக்கியிருந்தன. அவள் அப்படியே நின்றாள்.

"இதான் பிஸ்கட்டா?"

"இதான்."

"எல்லாமா?"

"எல்லாந்தான். ஒனக்கு எது வேணுமோ எடுத்துக்க."

கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்ன சாஸரை எடுத்தாள். முதலில் மோந்து பார்த்தாள். அப்புறம் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நாக்கை நீட்டி அதன்மேல் வைத்தாள். ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. கண்ணை உருட்டிப் பயந்துபோய் வெடுக்கென்று பிய்த்தெடுத்து, துப்பித் துப்பி, பாவாடையில் நாக்கைத் துடைத்தாள். அழப்போகிறாள் என்று நான் குனிந்தேன்.

அழவில்லை. சாஸரை எடுத்த இடத்திலேயே வைத்தாள். சட்டங்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை பார்த்தாள்.

"நாள் பூரா இதையாம்மா வாயில வெச்ச?"

"ஆமாண்டி."

"அப்ப நீ ஒண்ணுமே சாப்புடலயா? பசிக்காது ஒனக்கு?"

வீட்டுக்காரர் என்னிடம் உப்பைக் கேட்பார். ஃபோர்மேன் எத்தனை தட்டு முடிந்தது என்று கேட்பார். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்று கேட்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. ஏன், நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தால் வாய் முழுக்க மண்தான், இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. அப்படியே மூடி எடுத்து வந்து கொட்டிவிட்டுப் பாக்ஸைக் கழுவி வைத்துவிடுவேன்.

"பசிக்கும்டி" என்றேன். "ரொம்பப் பசிக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் பையைத் திறந்து, ஒரு கைப்பிடி பொரியை அள்ளி என் வாயில் திணித்தாள். பாதி வாயில் போனது, பாதி மடியில் கொட்டியது. "மென்னு முழுங்கு" என்றாள், அக்கா அவளுக்குச் சொல்கிற அதே அதட்டலில்.

நான் கொண்டுவராததைக் கணக்கு வைத்தவள் நான் சாப்பிடாததையும் கணக்கு வைக்க ஆரம்பித்துவிட்டாள், இனி எதற்கு வேலையை விட? விடுமுறை முடிந்து வேலைக்குப் போனதும் நேராக ஃபோர்மேன் மேஜைக்குப் போய் நின்றேன். கடிதத்தைத் திரும்பத் தரச் சொன்னேன். டிராயரைத் திறந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாம்மா, குடும்பச் சூழ்நில மாறிடுச்சா?"

"எம் பொண்ணு நான் சாப்ட்டனான்னு கேட்டுச்சுங்க."

"அதுக்கும் இதுக்கும் என்னாம்மா சம்பந்தம்?"

"இருக்குதுங்க" என்றேன். "நீங்க கடுதாசியக் குடுங்க."