இடி இங்கிலீஷ் பேசிய வாரம்

பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளியில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை இருக்கிறது. கொஞ்சம் உயரமானவர்கள் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சுவரோரம் அட்டை மாதிரி கெட்டியான தாள்கட்டுகள், மூலையில் மரப்பெட்டிக்குள் அடைத்து வைத்த புள்ளி மெஷின். மையால் அச்சடிக்கிற மெஷின் இல்லை அது. தாளில் ஊசியால் குத்தி, விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளிகளை எழுப்புவது. ஓட ஆரம்பித்தால் தகரக் கூரைமேல் ஆலங்கட்டி கொட்டுகிற சத்தம். பிள்ளைகள் அதற்கு இடி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இடியை ஓட்டுகிறவருக்கும் ஒரு பெயர் உண்டு: புரியலண்ணன். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது, “புரியலயே.” எதிராளி மறுபடி சொல்லத் தொடங்குவதற்குள் பாதி விஷயம் அவருக்கே விளங்கிவிடும். ஆனாலும் அந்த வார்த்தை முந்திக்கொள்ளும்.

அந்த வார்த்தை ஒருமுறை அவர் பிழைப்பில் கை வைத்தது. பத்தொன்பது வருடம் ஓர் அச்சகத்தில் தட்டச்சு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர். முதலாளி புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதைப் பற்றி விளக்கினார். இவர் “புரியலயே” என்றார். முதலாளி மறுபடி விளக்கினார். இவர் மறுபடி அதையே சொன்னார். மூன்றாவது முறை முதலாளி விளக்கவில்லை. அடுத்த மாதம் அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார், இவர் பசை வாளியோடு பைண்டிங் பக்கம் போனார். பிறகு அச்சகமே மூடிவிட்டது. பைண்டிங் தெரியும் என்பதால் இந்தப் பள்ளியில் வேலை கிடைத்தது. இடியை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் லீவு போட்டுவிட்டு வரவே இல்லை. தலைமையாசிரியை சாவியை இவர் கையில் கொடுத்தார். ஐம்பத்திரண்டு வயதில், எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஓட்டி வந்தார்.

அந்தத் திங்கட்கிழமை பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. கருகின வாடை ஒன்று வந்தது, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு அறிவியலில் ஏழு பாடங்கள் புதிதாக மாறியிருந்தன. அந்த வகுப்பில் நாலு பிள்ளைகள். பரீட்சைக்கு இருபது நாள்கூட இல்லை. பாடங்களை அவர் ஏற்கெனவே பிரெய்ல் கோப்பாகத் தட்டி முடித்துப் பென்டிரைவில் வைத்திருந்தது ஒன்றுதான் நல்ல காலம்.

நன்கொடையாக வந்த ஒரு கம்ப்யூட்டர் அலுவலக அறையில் பிரிக்காமல் இருந்தது. அதைக் கீழே கொண்டுவந்து வைத்தார்கள். திரையில் ஒரு பென்குவின் உட்கார்ந்திருந்தது.

“இது விண்டோஸ் இல்லயாம், லினக்ஸ்ல ஓடுது. இலவசம், வைரஸ் வராது, ரொம்ப நல்லதுன்னு குடுத்தவங்க சொன்னாங்க” என்றார் தலைமையாசிரியை.

“புரியலயே டீச்சர்.”

“எனக்கும்தான். நீங்க பார்த்துக்குங்க.”

முதல் சிக்கல் கண்ணுக்கே தெரிந்தது. இடியின் வாலில் இருந்தது உள்ளங்கை அகலத்தில், இருபத்தைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய காலத்துச் சொருகி. புதுக் கம்ப்யூட்டரில் அதற்கு வாயே இல்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். யானைக்கு வாங்கின செருப்பை எலிக்கு மாட்டப் பார்ப்பதுபோல இருந்தது அவருக்கு. மனைவியின் தம்பி வெளியூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அவனுக்குப் போன் போட்டார்.

“அது ஒண்ணுமில்ல மாமா. ஒரு பக்கம் பழைய சொருகி, மறுபக்கம் யூ.எஸ்.பி. இருக்கிற மாதிரி கேபிள் விப்பாங்க. வாங்கி மாட்டுங்க, தானா வேலை செய்யும்.”

செவ்வாய்க்கிழமை மூன்று கடை ஏறி இறங்கி அந்தக் கேபிளை வாங்கி வந்தார். மாட்டினார். முதல் பாடத்தைத் திறந்து அச்சிடச் சொன்னார். திரையில் ‘முடிந்தது’ என்று வந்தது. இடி அசையவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடியும் முடிந்தது. பெட்டிக் கதவைத் திறந்து தாளைப் பார்த்தார். பச்சைக் குழந்தையின் நெற்றி மாதிரி வழவழவென்று இருந்தது. பதினோரு முறை அழுத்தினார். பதினோரு முறையும் முடிந்தது.

மச்சான் போனில் சிரித்தான். “மாமா, லிஸ்ட்ல ‘கோப்பில் அச்சிடு’ன்னு இருக்கா? அதத்தான் அழுத்தியிருக்கீங்க. அது தாள்ல அடிக்காது, ஃபைலா சேமிச்சு வைக்கும். ஃபோல்டரைத் திறந்து பாருங்க.”

திறந்தார். ஒரே பாடம் பதினோரு பிரதியாக அடுக்கி உட்கார்ந்திருந்தது. செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லவில்லை அது. வேறு வேலையைச் செய்துவிட்டு முடிந்தது என்றிருக்கிறது. இதற்குக் கோபப்படுவதா, வெட்கப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

சரி, உண்மையான பிரிண்டராக இடியைச் சேர்க்கலாம் என்றால், ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது கம்ப்யூட்டர்.

“சாவி என்கிட்டத்தானே இருக்கு? அப்புறம் யார்கிட்ட அனுமதி கேக்கறது?” என்றார் போனில்.

“அது வேற சாவி மாமா. கறுப்பா ஒரு ஜன்னல் திறங்க. நான் ஒவ்வொரு எழுத்தா சொல்றேன்.”

அவன் சொல்லச் சொல்ல அடித்தார். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. விசைப்பலகை செத்துவிட்டது என்று நினைத்து மூன்று முறை கேபிளைப் பிடுங்கி மாட்டினார். அப்படித்தான் இருக்கும் என்று மச்சான் சொன்ன பிறகு ஒருவழியாக அடித்து முடித்தார். முயன்று பார்த்தார். அனுமதி இல்லை. நிறுத்தி நிதானமாக இன்னொரு தரம் எல்லாவற்றையும் செய்தார். அனுமதி இல்லை. அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். “என்ன, பழைய அச்சக மூஞ்சியோட வர்றீங்க?”

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் தம்பியையே கூப்பிட்டு, “ஏண்டா, மனுசனை ஏன் இப்படி அலைக்கழிக்கிற?” என்று ஒரு பிடி பிடித்தாள்.

புதன்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் அனுமதி கிடைத்துவிட்டது. இவர் ஒன்றுமே செய்யவில்லை. நேற்று ஆயிரம் தடவை கேட்டும் மசியாதது, இன்று கேட்காமலே சரி என்கிறது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால்தான் புது அனுமதி செல்லும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று மச்சான் அசடு வழிந்தான். காரணம் தெரிந்த பிறகும் அவருக்கு அது ஏதோ குணம் மாதிரித்தான் பட்டது. ராத்திரி தூங்கி எழுந்தால் மனசு மாறிவிடுகிற ஆளின் குணம்.

பிரிண்டர்களின் பெயர்ப் பட்டியல் வந்தது. நூற்றுக்கணக்கில் இருந்தன. இடியின் பெயர் மட்டும் இல்லை. “பொதுவானதுன்னு ஒண்ணு இருக்கும், அதப் போடுங்க” என்றான் மச்சான். போட்டார். அச்சிடச் சொன்னார்.

இடி முழங்கியது.

மாடியில் வகுப்பறைகளிலிருந்து பிள்ளைகள் ஓவென்று கத்துவது கேட்டது. நாற்காலியில் சாய்ந்தார். நாலு பக்கம் வரவேண்டிய முதல் பாடம் ஒன்பது, பத்து, பதினைந்து பக்கம் என்று போய்க்கொண்டே இருந்தது. இருபத்திரண்டாவது பக்கத்தில் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார்.

தாள்களை வாசிப்பக்காவிடம் கொண்டுபோனார். அக்கா அந்தப் பள்ளியிலேயே படித்து, அங்கேயே பிழை பார்க்கிறவராக வேலைக்குச் சேர்ந்தவர். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. புரியலண்ணனைவிடப் பதிமூன்று வயது சின்னவர்தான், ஆனால் பள்ளியில் எல்லோருக்கும் அக்கா என்பதால் இவருக்கும் அக்கா. இடியிலிருந்து வரும் ஒவ்வொரு பக்கமும் அக்காவின் விரலைத் தாண்டாமல் வகுப்புக்குப் போகாது.

அக்கா இரண்டு வரி தடவினார். நிறுத்தினார். மறுபடி தடவினார்.

“என்னண்ணே இது, கொழகொழன்னு இருக்கு. ஒரு வார்த்தைகூட வார்த்தையா இல்லயே.”

“எனக்கும் புரியலக்கா. மெஷின் போச்சோ என்னவோ.” அவருடைய குரல் இறங்கிவிட்டது. “டீச்சர்கிட்ட சொல்லிடறேன். கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளைப் போட்டுக்கட்டும்.”

“இருங்கண்ணே. புள்ளி சுத்தமா இருக்கு. ஒரு ஊசிகூட மிஸ் ஆகல. மெஷின் போயிருந்தா இப்படியா குத்தும்?”

அக்கா தாளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிரெய்லில் புள்ளிகள் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். எந்த மொழி என்று மனதில் வைத்துக்கொண்டு தடவுகிறோமோ அந்த மொழியின் எழுத்தாக வரும். அக்கா இதுவரை அதை நம் மொழி என்று நினைத்துப் படித்திருந்தார். இப்போது மாற்றிப் பிடித்தார். விரல் மெதுவாக நகர்ந்தது. உதடு அசைந்தது.

“பி... ஏ... ஜி... ஈ. பேஜ். அண்ணே, இது இங்கிலீஷ்!”

“பாடம் நம்ம மொழியிலதானே அடிச்சிருக்கோம்?”

“ஃபான்ட்... பவுண்டிங் பாக்ஸ்... ஷோ பேஜ்... நடுவுல ஏகப்பட்ட நம்பர். அண்ணே, இது பாடம் இல்ல. பாடத்தை எப்படி அச்சடிக்கணும்னு மெஷினுக்குச் சொல்ற கட்டளை. எழுத்து எவ்ளோ பெருசு, பக்கம் எங்க முடியுது, அதெல்லாம். அது கட்டளைன்னு தெரியாம, இடி அதையும் சேர்த்துக் குத்தி வச்சிருக்கு.”

புரியலண்ணன் வாயைத் திறந்தார். வழக்கமான வார்த்தை வரவில்லை.

“நாடகத்துல ‘அழுதுகொண்டே உள்ளே வருகிறாள்’னு எழுதியிருப்பாங்களே,” என்றார் மெதுவாக, “நடிக்கிற பொண்ணு அழாம, அந்த வரியையே சத்தமா வாசிச்ச மாதிரி.”

“அதேதான்!” என்று அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஒரு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

மச்சானிடம் அக்காவே பேசினார். அவன் தலையில் அடித்துக்கொள்வது போனிலேயே கேட்டது. அவர்கள் போட்ட ‘பொதுவான’ வகை, மையில் அச்சடிக்கும் மெஷினுக்கானது. அது எதைக் கொடுத்தாலும் இப்படிக் கட்டளைகளால் சுற்றித்தான் அனுப்பும். ‘ரா’ என்று ஒரு வகை இருக்கிறது, அதைப் போட்டால் சுற்றாமல், கொடுத்ததைக் கொடுத்தபடியே மெஷினுக்குத் தள்ளிவிடும் என்றான்.

“ரான்னா பச்சையாவா?” என்று கேட்டார் புரியலண்ணன்.

“ஆமா மாமா, வேகவைக்காம அப்படியே.”

வியாழக்கிழமை பச்சையாகவே போட்டார்கள். நாலே பக்கம் வந்தது. அக்கா முதல் வரியைத் தடவினார். “பாடம் ஒன்று. வந்துருச்சுண்ணே!” அடுத்த வரிக்கு விரலை இடப்பக்கம் கொண்டுபோனார். அங்கே ஒன்றும் இல்லை. வலப்பக்கம் தேடினார். முதல் வரி எந்த இடத்தில் முடிந்ததோ அதற்கு நேர் கீழே இரண்டாம் வரி ஆரம்பித்தது. மூன்றாம் வரி இன்னும் தள்ளி. அதற்குமேல் எல்லாம் தாளின் வலது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி, அந்த இடமே சல்லடையாகியிருந்தது.

“படிக்கட்டு மாதிரி இறங்குதுண்ணே. விரல் தாளை விட்டே வெளிய போயிடுது.”

மச்சானுக்குப் போன் போட்டால் அவன் மீட்டிங்கில் இருந்தான். தலைமையாசிரியை வாசலில் குனிந்து நின்று, இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். அவர் கேட்டதில் கடுமை ஒன்றும் இல்லை. ஆனால் புரியலண்ணனுக்கு அச்சகம் ஞாபகம் வந்தது. பழைய முதலாளியும் முதலில் இப்படித்தான் பொறுமையாகப் பேசினார்.

“மத்தியானத்துக்குள்ள சொல்றேன் டீச்சர்.”

எதை நம்பிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வரி முடிகிறது. கீழே இறங்குகிறது. ஆனால் இடது ஓரத்துக்குத் திரும்பவில்லை. அவர் வலது கை தானாகக் காற்றில் எதையோ பிடித்துத் தள்ளியது. தட்டச்சு மெஷினில் ஒரு வரி முடிந்தால் இரண்டு காரியம் நடக்க வேண்டும்: உருளை ஒரு படி சுற்றித் தாள் மேலே ஏற வேண்டும், தாளைச் சுமக்கும் வண்டியைத் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும். உருளையைச் சுற்றிவிட்டு வண்டியைத் தள்ள மறந்தால் இதேதான் நடக்கும். கற்றுக்கொண்ட முதல் மாதத்தில் அவரே இப்படிப் படிக்கட்டு படிக்கட்டாக அடித்து வைத்து, மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

மச்சான் திரும்பக் கூப்பிட்டபோது அவர் நேராக ஆரம்பித்தார். “மாப்ள, வரி முடிஞ்சதும் கீழ இறங்குன்னு மட்டும் இது சொல்லுது. ஓரத்துக்குத் திரும்பி வான்னு சொல்லல. பழைய கம்ப்யூட்டர் ரெண்டையும் சொல்லியிருக்கும்போல. இதையும் ரெண்டையும் சொல்ல வைக்க முடியுமா?”

போனின் அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் நின்றது.

“இருக்கியா மாப்ள?”

“இருக்கேன் மாமா. இத உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லல. சரியா தப்பா அதச் சொல்லு.”

“நூத்துக்கு நூறு சரி. லினக்ஸ் வரியை முடிக்கிற விதமே அப்படித்தான். ஃபைலை மாத்த ஒரே ஒரு கட்டளை இருக்கு. எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டார். அடித்தார். இடி முழங்கியது. அக்கா விரலை இடது ஓரத்தில் வைத்தார். இரண்டாம் வரி அங்கேயே இருந்தது. மூன்றாவதும் இருந்தது. பக்கத்தின் கடைசிவரைக்கும் அக்கா தடவிக்கொண்டே போனார், புரியலண்ணன் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரியா இருக்கு” என்றார் அக்கா.

சனிக்கிழமை மாலைக்குள் ஏழு பாடங்களும் நாலு பிரதிகளாக அடித்து, பிழை பார்த்து, அவரே பைண்டிங்கும் போட்டு முடித்தார். அந்தக் கறுப்பு ஜன்னலில் தான் அடித்ததில் பாதிக்கு மேல் என்னவென்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் புதன்கிழமை அக்காவிடம் சொன்னதை, வேறு ஆளைப் போட்டுக்கட்டும் என்பதை, டீச்சரிடம் அவர் சொல்லவே இல்லை. அக்காவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டறைக்கு வந்தாள்.

“அண்ணா, ஆறாம் பாடத்துல ரெண்டாவது பக்கம், ‘அமிலம்’ வர்ற இடத்துல ‘அமிழம்’னு இருக்கு.”

“இருக்காதே” என்றார் அங்கே உட்கார்ந்திருந்த வாசிப்பக்கா ரோஷமாக. “நான் பார்த்தேனே. குடு இங்க.”

தடவிப் பார்த்தார். இருந்தது. அக்கா முகம் சிவந்தது. தட்டியது இவர், விட்டது அக்கா. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போடவில்லை. புரியலண்ணன் அந்தப் பக்கத்தைத் திறந்து ஓர் எழுத்தை மாற்றி, அந்தப் பெண்ணைக் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, அச்சிடு என்பதை அழுத்தினார்.