பச்சை விழுந்த இருபத்து மூன்று பேர்

டேப்லெட் வந்த அன்று நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இயந்திரம் என்றால் பயப்படுகிற டீச்சர் இல்லை நான். குமரி மாவட்டத்தில் இனயத்துக்குப் பக்கத்தில், கடலோரத்தில் இருக்கிறது எங்கள் பள்ளி. அங்கே ஸ்மார்ட் போர்டு மாட்டியபோது அதை இயக்கப் பழகி, மற்ற டீச்சர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். இதயம் துடிப்பதை அந்தப் பலகையில் பார்த்துவிட்டு என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளாளுக்கு நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்ட நாளில், இந்த வேலைக்கு வந்தது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

டேப்லெட்டில் வாசிப்புச் சோதனைக்கென்று ஒரு செயலி இருந்தது. திரையில் ஒரு பத்தி வரும். பிள்ளை அதை ஒரு நிமிடம் உரக்க வாசிக்க வேண்டும். கருவி கேட்டுக்கொண்டே இருந்து, நன்றாக வாசித்தால் பெயருக்கு நேரே பச்சை, சுமாராக என்றால் மஞ்சள், தேறாவிட்டால் சிவப்பு என்று நிறம் போட்டுவிடும். மார்க் போடுகிற வேலை மிச்சம் என்று தலைமையாசிரியைக்கும் மகிழ்ச்சி.

முதலில் என் வகுப்பின் முதல் பெஞ்சுக்காரியைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் மைக் முன்னால் நின்று பைபிள் வாசகம் வாசிக்கிறவள் அவள். பத்து வயதில் அந்த வாசிப்பு யாருக்கும் வாய்க்காது. கிணறு ஒன்றைப் பற்றிய பத்தி வந்தது. நிமிர்ந்து நின்று, ஒரு எழுத்து பிசகாமல் வாசித்து முடித்தாள். சிவப்பு விழுந்தது.

மின்விசிறிச் சத்தமாக இருக்கும் என்று அதை நிறுத்தினேன். மறுபடி சிவப்பு. கடல் இரைச்சலாக இருக்குமோ என்று சன்னல்களைச் சாத்தினேன். மூன்றாம் தடவையும் சிவப்பு. அவள் கருவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“டீச்சரே, இதுக்குச் செவி கேக்காதோ?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த பதினோரு பேரில் ஒன்பது பேருக்குச் சிவப்பு. சிரிப்பு நின்றுபோனது.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு நானே அந்தக் கிணற்றுப் பத்தியை வாசித்துப் பார்த்தேன். பச்சை. அப்போதுதான் புரிந்தது. நான் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் அஞ்சுகிராமத்துக்காரி. மார்த்தாண்டத்தில் வாழ வந்த புதிதில் நான் வாயைத் திறந்தாலே கடைக்காரர், “கெழக்கா?” என்று கேட்பார். இந்தப் பக்கத்துத் தமிழுக்கு ஒரு ராகம் உண்டு. சொல்லின் கடைசியை இழுத்து மேலே தூக்குவார்கள். கடலோரத்தில் அது இன்னும் வேகமாகப் போகும். புத்தகத் தமிழை வாசித்தாலும் அந்த ராகத்தில்தான் வாசிப்பார்கள். அந்தக் கருவி எந்த ஊர்க் குரல்களைக் கேட்டு வளர்ந்ததோ, இந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

மறுநாள் தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பெயருக்கும் நிறம் ஏற்றியாக வேண்டும் என்று அவருக்குத் தினம் மூன்று தடவை போன் வந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பள்ளிகளில் எல்லாம் முடித்துவிட்டார்கள், நமக்கு மட்டும் எப்படிச் சிவப்பு வரும், நீங்கள் சரியாகப் பயிற்சி கொடுக்கவில்லை என்றுதானே கேட்பார்கள் என்றார். எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. பதினெட்டு வருஷமாக டீச்சராக இருக்கிறேன்.

இந்த ஊரில் மனசு ஒரு இடத்தில் நிற்காமல் கிடந்து அடித்துக்கொள்வதை வெப்ராளம் என்பார்கள். அந்த வாரம் முழுவதும் எனக்கு அதுதான். மார்த்தாண்டத்தில் பஸ் நெரிசலில் நிற்கும்போது, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றும். நடந்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது. பிள்ளைகளிடம் மெதுவாக வாசி, இழுக்காமல் வாசி என்று சொல்லிப் பார்த்தேன். முதல் பெஞ்சுக்காரி இழுக்காமல் வாசிக்க முயன்று, நன்றாகத் தெரிந்த சொற்களிலேயே தடுக்கி விழுந்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் போதும் என்று உட்காரச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியம், பிள்ளைகள் சத்துணவுக்குப் போயிருந்த நேரம், டேப்லெட்டை எடுத்துக்கொண்டு விளையாட்டுச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். முதல் பெஞ்சுக்காரியின் பெயரைத் தொட்டு, அவளுக்குப் பதிலாக நான் வாசித்தேன். பச்சை. அவளுக்கு உரியதைத்தானே வாங்கிக் கொடுக்கிறேன் என்றது மனம். நன்றாக வாசிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் செய்வது என்றுதான் உள்ளே போனேன். ஆனால் ஆறேழு பேரானதும் கை தானாகப் போனது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று ஒருத்திக்கு மெதுவாக, ஒருவனுக்கு வேகமாக, இன்னொருத்திக்கு நடுவில் கொஞ்சம் திக்கி என்றெல்லாம் வாசித்தேன். அது எனக்கு நன்றாகவே வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பத்தொன்பதாவது பெயரில் விரல் நின்றது. வகுப்பில் சன்னலோரத்தில் உட்காரும் பெண் அவள். அம்மா தலைச்சுமையாக மீன் கொண்டுபோய்க் கருங்கல் ஊர்ச் சந்தையில் விற்கிறவர். அப்பா கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் போட்டில் இருக்கிறார். பலகையில் எழுதியதை அச்சடித்த மாதிரி நோட்டில் எழுதுவாள். மற்றவர்கள் வாசிப்பதைக் காதால் கேட்டே பாடம் முழுவதையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, தன் முறை வரும்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்துவிடுவாள். ஆனால் புதிதாக ஒரு வரி கொடுத்தால் அவளால் வாசிக்க முடியாது. அவளுக்குச் சிவப்பு விழுந்திருந்தால் அது சரியான சிவப்பு. எனக்கு அது தெரியும். வெளியே மணி அடித்தது. நான் வாசித்தேன்.

இருபத்து மூன்று பேருக்கும் பச்சை.

இரண்டு வாரம் கழித்து டீச்சர்கள் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. சிவப்பு அதிகமுள்ள பள்ளிகளுக்கு, மாலையில் வாசிப்புச் சொல்லிக்கொடுக்க ஆளுக்கொரு தன்னார்வலரை அனுப்புகிறார்கள். எங்கள் பள்ளியின் பெயர் அதில் இல்லை. வேறொரு பட்டியலில், பாராட்டுக்குரிய பள்ளிகளில் இருந்தது. தலைமையாசிரியை எல்லாருக்கும் லட்டு வாங்கினார். நான் என்னுடையதைக் கைக்குட்டையில் பொதிந்து பைக்குள் போட்டேன். சன்னலோரத்தைப் பார்க்காமல் பாடம் நடத்தப் பழகிக்கொண்டிருந்தேன். வீட்டில் கணவர் என்னவென்று கேட்டபோது தலைவலி என்றேன். குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்தது அந்த வாரத்தில்தான்.

பிறகு ஒரு புதன்கிழமை காலையில், பாராட்டுப் பெற்ற வகுப்பைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். என் வயதுதான் இருக்கும், பேச்சில் இந்தப் பக்கத்து ராகம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாடம் கேட்டார். பிறகு டேப்லெட்டை வாங்கிப் பெயர்களை மேலும் கீழும் நகர்த்தி, ஒரு பெயரை வாசித்தார். சன்னலோரப் பெண் எழுந்தாள். அதிகாரி பையிலிருந்து ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து விரித்து அவள் கையில் கொடுத்தார்.

“வாசி மக்கா. பேடிக்காத,” என்று பயம் தெளியத் தோளைத் தொட்டார்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், எங்கள் பாடப் புத்தகத்தின் மூன்றாம் பாடத்தைத் தெளிவான குரலில் ஒப்பிக்கத் தொடங்கினாள். பக்கத்து பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. அவள் காது நுனி சிவந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. நான் நிறுத்தினேன்.

“மேடம், அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அவ பேருக்கு நேர கிடக்க பச்சை நான் வாசிச்சு விழுந்தது. எல்லாப் பேருக்கும் நான்தான் வாசிச்சேன்.”

இப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. தலைமையாசிரியை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, ஏன் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. முதல் பெஞ்சுக்காரியை மட்டும் திரும்பக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அதே கணீர்க் குரல். அதே சிவப்பு. அதிகாரி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு அவளைப் போகச் சொல்லிவிட்டு டேப்லெட்டை மேசைமேல் வைத்தார்.

“இது தப்பா கேக்குதுன்னு ஒரு வரி எழுதித் தந்தியளா?” என்று கேட்டார்.

இல்லை. தலைமையாசிரியையிடம் வாயால் சொன்னேன். பஸ்ஸில் உட்கார்ந்து எனக்குள் சொல்லிக்கொண்டேன். எழுதவில்லை. கடலோரத்தில் இன்னும் இரண்டு பள்ளிகளில் டீச்சர்கள் இதையே அவர் காதில் போட்டிருந்தார்களாம். அங்கேயும் யாரும் எழுதித் தரவில்லை, வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வாரம் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று, நான் செய்ததைப் பற்றிய விளக்கம். இன்னொன்று கருவியைப் பற்றி. இருபத்து மூன்று பேரையும் வாசிக்க வைத்து என் போனில் பதிந்து, எந்தெந்தச் சொல்லைக் கருவி தவறவிடுகிறது என்று வரிவரியாகக் குறித்து இணைத்தேன். முதல் கடிதத்துக்கு உடனே பதில் வந்தது. எழுத்து மூலமான கண்டிப்பு. இனி ஒருமுறை நடந்தால் நடவடிக்கை. இரண்டாவதற்கு, பெற்றுக்கொண்டோம் என்ற ஒற்றை வரிக்குப் பிறகு இதுவரை ஒன்றுமில்லை. நிறங்கள் அழிக்கப்பட்டு மறுபடி சோதனை நடந்தது. பெரும்பாலும் சிவப்பு. தலைமையாசிரியை ஒரு மாதம் என்னிடம் அலுவல் தவிர வேறு பேசவில்லை. தன்னார்வலர் பட்டியல் அந்தப் பருவத்துக்கு முடிந்துவிட்டிருந்தது.

அதனால் பள்ளி விட்டதும் சன்னலோரப் பெண்ணை நானே உட்கார்த்தி வைத்தேன். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று ஒரு கண் கடிகாரத்தில்தான் இருக்கும். முதல் மூன்று வாரம் ஒன்றும் நகரவில்லை. நான் வாசித்தால் அதைக் கேட்டு உடனே மனப்பாடம் செய்துவிடுவாள். எழுத்தைப் பார்க்கவே மாட்டாள். ஒரு நாள், வேறு வழி தெரியாமல், டேப்லெட்டில் குரல் பதியும் வசதியைத் திறந்து, நான் வாயே திறக்காமல் அவளையே எழுத்துக்கூட்ட வைத்து அதைப் போட்டுக் காட்டினேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாக, இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

அதிலிருந்து அவள் தன்னையே கேட்கத் தொடங்கினாள். பிசகிய இடத்தில் கருவியை நிறுத்தி, புத்தகத்தில் விரல் வைத்து, அழித்துவிட்டு மறுபடி பதிவாள். சில நாள் ஒரே வரியைப் பதினைந்து தடவை. எனக்குத்தான் பொறுமை இல்லை; எழுந்து வராந்தாவில் நடந்துவிட்டு வருவேன். பொங்கல் விடுமுறை கழிந்து வந்தபோது, பார்க்காத ஒரு பத்தியை முழுசாக வாசித்துப் பதிந்தாள். மெதுவாக, நடுவில் இரண்டு மூச்சு விட்டு.

விஷயம் கேள்விப்பட்டு அவளுடைய அம்மா சந்தைக்குப் போகிற வழியில் பள்ளிக்கு வந்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன். அந்தப் பதிவை இவளுடைய அப்பாவுக்கு என் போனிலிருந்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். அனுப்பினேன். போட் நடுக்கடலில் இருந்தது. ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. பஸ்ஸில், ஸ்டாஃப் ரூமில், அடுப்படியில் என்று அந்த ஒற்றை டிக்கைப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. பன்னிரண்டு நாள்.

பதிமூன்றாம் நாள் சனிக்கிழமை. மார்த்தாண்டம் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவளுடைய அப்பாதான். பின்னால் எஞ்சின் சத்தம்.

“டீச்சரே, இது எனக்க மொவளுக்க சத்தந்தானா?”

“அவ சத்தந்தான்.”

“இல்ல, அவ முன்னயும் இப்பிடிச் சொல்லுவா. மனப்பாடமா படிச்சு வச்சுட்டு சொல்லுவா. எனக்கு அது தெரியும்.”

காய்கறிப் பையைக் கீழே வைத்தேன். இது அவளே வாசித்ததுதான் என்று இரண்டாம் தடவை சொன்னேன். சொன்னது எனக்கே போதவில்லை. சாயங்காலம் மறுபடி கடலுக்குப் போய்விடுவோம், அதற்குள் இன்னொன்று அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

காய்கறிப் பையோடு கருங்கல் பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து இன்னொரு பஸ். போய்ச் சேரும்போது மூன்று மணி. அவள் தெருக் குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றாள். என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். வீட்டிலிருந்து பாடப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன்.

“அது வேண்டாம் டீச்சரே. அது எனக்கு எல்லாம் தெரியும்.”

சுற்றும் முற்றும் பார்த்தாள். எதிர்ச் சுவரில் திருவிழா நோட்டீஸ் ஒன்று புதிதாக ஒட்டியிருந்தது. அதன் முன்னால் போய் நின்று, தலையாட்டினாள். போனில் வீடியோவை ஓடவிட்டேன். முதல் நாள் கொடியேற்றம் என்று தொடங்கி, வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். ‘தேர்ப்பவனி’யில் தடுக்கினாள். பின்னால் போய், எழுத்துக்கூட்டி, சரியாகச் சொல்லிவிட்டு, மேலே போனாள். பத்தாம் நாள் வரைக்கும் வாசித்தாள். அந்த ஊர் ராகம் ஒரு வரியிலும் குறையவில்லை.

அனுப்பிவிட்டு, இருவரும் குனிந்து திரையைப் பார்த்தோம். உடனே இரண்டு டிக், இன்னும் நீலமாகவில்லை. அவளுக்கு முன்னால் நின்றிருந்தவள் குழாயடியில் குடத்தை வைத்து நிரப்பத் தொடங்கியிருந்தாள். அடுத்தது அவள் முறை. அவள் போகவில்லை.